வாகன எண் கட்டாயம்

சட்டை மாட்டும் கொக்கியில் இரண்டு மைலோ டின் கட்டி
ஓர் அழிப்பானுக்கு எத்தனை கோலி சமம் என்று
வகுப்பில் நிறுத்துப் பார்த்தார்களாம்.
அடுத்து எதை நிறுக்கலாம் என்று கேட்டதற்கு
ஒருத்தி "லோரி" என்றாளாம்.
அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தார்கள்.
தைப்பிங் மிருகக்காட்சிச்சாலைக்குப் பஸ் காசு
சேரவில்லை என்பதையும்
தேவமலர் டீச்சர் தணிந்த குரலில் மலாயில் சொன்னார்,
பிள்ளைகளுக்கு மலாய் தெரியாததுபோல.

செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்
பதினேழு வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவள் நான்.
குலை ஏற்றி வரும், பதிவேன்.
கொட்டிவிட்டு வரும், பதிவேன்.
பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் பழம்.
சொல்லி முடிக்கவில்லை,
கிஷாந்தினி கை தூக்கினாள்:
"அப்ப நாங்க ஒண்ணுக்குப் போயிட்டு வந்து
மறுபடியும் நிக்கணுமா?"

இரண்டாம் ஆண்டு. மொத்தமே பதினொரு பேர்.
பழம் வேகும் வாடைக்குப் பத்து பேர் மூக்கைப் பொத்தினார்கள்.
பொத்தாத ஒருவன் "எங்கப்பா சட்டை" என்றான்.
அவன்தான் சர்வின்.
கால்சட்டைப் பையில் உதிரிப் பழம் பிதுங்க,
காலணி ஒரு அளவு பெரிதாக.

டீச்சரோடு எல்லாரும் இரும்புத் தட்டில் ஏறினார்கள்.
முப்பது டன்னைத் தாங்கும் தட்டு
முனகக்கூட இல்லை.
சிவப்பு எண் கொஞ்சம் யோசித்து, 300 என்றது.
கைதட்டல்.
"ஒவ்வொருத்தரா இறங்குங்க, குறையுதான்னு பார்ப்போம்."
சர்வின் முதலில் இறங்கினான்.
300.
ஏறினான். இறங்கினான்.
300.
"டீச்சர், இவன் இல்லவே இல்ல!"
சிரிப்பு ஆலைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

இருபது இருபதாகத்தான் எண்ணும் இந்த இயந்திரம்,
நடுவில் விழுவதை ஏதோ ஒரு பக்கம் தள்ளிவிடும்.
இதை ஏழு வயதுக்கு எப்படிச் சொல்வது?
நான் தேடிக்கொண்டிருக்கும்போதே
அவன் ஓடிவந்து தட்டில் குதித்தான்.
320. 280. 340.
எண் துள்ளியது.
"பாத்தியா, இருக்கேன்!"

பிறகென்ன, பதினொரு பேரும் குதித்தார்கள்.
டீச்சர் ஒரே ஒரு தடவை.
மேலாளர் மாடிச் சன்னலைத் திறந்தார்.
வரிசையில் மூன்று லோரி,
முதலில் நின்ற அஸ்மான் ஹாரன் அடித்தது
கோபத்திலா தாளத்திலா தெரியவில்லை.

நான் அறையைவிட்டு வெளியே வந்தேன்.
வேலை நேரத்தில் வருவதில்லை.
எல்லாரையும் இறக்கிவிட்டு
"நீ மட்டும் நில்லுப்பா" என்றேன்.
அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்,
பை நிறையப் பழத்தோடு.
20.
கூட்டத்தில் ஒன்றுமில்லாதவன்
தனியாக நின்றால் இருபது.
அவன் நிஜ எடை பதினாலோ பதினைந்தோ இருக்கும்.
திருத்த எனக்கு வாய் வரவில்லை.
டீச்சரும் திருத்தவில்லை.

ரசீது கேட்டார்கள்.
வாகன எண் இல்லாமல் அச்சடிக்காது இந்தக் கணினி.
"வேன் நம்பர் போடுங்க, அக்கா."
"நாங்க மூணு பேரு நடந்துதானே வந்தோம்!"
ஒரே தகராறு.
கணினிக்குத் தமிழ் தெரியாததால்
அதற்குப் புரிந்த எழுத்தில் மல்லிகை என்று தட்டினேன்,
வகுப்பின் பேராம்.
சரக்கு என்ற கட்டத்தில் மட்டும்
அது பிடிவாதமாகக் குலை என்றே போட்டது.

அடுத்த வாரம் டீச்சர் ஓர் உறை அனுப்பினார்.
பதினொரு படங்கள்.
பத்தில் லோரி பெரிதாக இருந்தது,
ஒன்றில் எனக்கு மீசைகூட இருந்தது.
சர்வின் வரைந்ததில் லோரி இல்லை.
தட்டுக்கு மேலே அந்தரத்தில் ஒரு பையன்,
காலுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு விரல் இடம்,
பக்கத்தில் சிவப்பில் 20.

அந்தரத்தில் இருப்பவனுக்கு
எடைப்பாலம் சைபர்தான் காட்டும்.
எனக்குத் தெரியாதா?
தராசு சரி என்று முத்திரை குத்திய தாளுக்குப் பக்கத்தில்
ஒட்டிவைத்திருக்கிறேன்.
ரசீது வாங்கும்போது அஸ்மான் தினமும் பார்க்கிறான்,
இன்றைக்குத்தான் கேட்டான்,
"இது எந்த லோரி?"